கட்டில் தயார், மாத்திரை எங்கே?

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் ஒரு பெட்டி வந்து இறங்கினால், அது யாருடைய தோட்டத்துக் காய், மொத்தம் எத்தனை பெட்டி, எந்த வண்டியில் ஏறப் போகிறது என்பதெல்லாம் உடனே கணக்கில் ஏறிவிடும். ஓர் இரவு தாமதித்தால் காய் கெட்டுவிடும் என்பதை இவ்வூரில் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் இதே ஊரிலிருந்து 75 வயது மூதாட்டி ஒருவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க அழைத்துச் செல்கிறபோது, அன்று இரவு அவருக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, யார் கையால் என்ற கணக்கு பெரும்பாலும் எவரிடமும் இருப்பதில்லை. காய்க்கு உள்ள அக்கறை தாய்க்கு இல்லையா என்று கேட்டால் கோபம் வரும். வரட்டும். கோபம் வந்தாவது இதைப்பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதியோர் இல்லம் என்றாலே பெற்றோரைக் கைவிட்ட பாவம் என்று பிரசங்கம் செய்வது எளிது. அந்தப் பிரசங்கத்தை நாம் இங்கே செய்யப் போவதில்லை. மாரண்டஅள்ளியிலும் காரிமங்கலத்திலும் பிறந்த பிள்ளைகள் ஓசூரிலும் பெங்களூரிலும் திருப்பூரிலும் பிழைக்கிறார்கள். மானாவாரி நிலம் அவர்களைத் தங்கவிடவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்போதே தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவராக இருந்தார். இன்று அந்தப் பங்கு இன்னும் கூடியிருக்கிறது. பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை வாடகை வீட்டில் பக்கவாதம் வந்த தாயை வைத்துப் பார்க்க இயலாத மகன் கொடியவன் அல்லன். இல்லங்கள் வேண்டும். அருட்சகோதரிகளும் நல்லெண்ணம் கொண்ட பொதுநிலையினரும் அவற்றை நடத்துவதும் போற்றத்தக்கதே. நம் குற்றச்சாட்டு இல்லத்தின் மீதன்று. இல்லத்தின் வாசலில், சேர்க்கின்றவருக்கும் சேர்த்துக்கொள்கின்றவருக்கும் நடுவில், முதியவரின் மருந்து கைதவறி விழுந்துவிடுகிறது. அதைக் குனிந்து எடுக்க எவரும் பொறுப்பேற்பதில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

சேர்க்கை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு விண்ணப்பப் படிவம் தருகிறார்கள். பெயர், வயது, ஆதார் எண், மதம், சேர்ப்பவரின் முகவரி, மாதந்தோறும் செலுத்த இயன்ற தொகை. பல இல்லங்களின் படிவத்தில், இறந்தபின் உடலைப் பெற்றுக்கொள்பவர் யார், அடக்கம் எங்கே என்ற கேள்வியும் உண்டு. அது தேவையான கேள்விதான். ஆனால் அதே தாளில் 'கடைசியாக மருந்து உட்கொண்டது எப்போது? அடுத்த வேளை எப்போது?' என்ற இரண்டு வரி இருக்காது. 'நோய்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'சுகர், பி.பி.' என்று எழுதுவார்கள். அவ்வளவுதான். சாவுக்கு இடம் ஒதுக்கிய படிவம் அன்றைய இரவுக்கு இடம் ஒதுக்கவில்லை.

சேர்க்கை நடக்கும் நாளும் நேரமும் வேறொரு சிக்கல். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு விடுப்பு கிடைப்பது சனிக்கிழமை. பெங்களூரிலிருந்து வந்து, பொருள்களைக் கட்டி, வாடகைக் கார் பிடித்து இல்லத்தை அடையும்போது மாலையாகிவிடும். அலுவலகத்தில் இருப்பவர் ஒருவர். அவருக்குச் செபமாலை நேரமோ உணவு பரிமாறும் நேரமோ நெருங்கிவிட்டது. மகன் ஒரு நெகிழிப் பையை நீட்டுகிறார். அதில் பாதியாய் வெட்டிய மாத்திரை அட்டைகள். கடைக்காரர் பத்து மாத்திரை கேட்டவருக்கு நான்கு வெட்டிக் கொடுத்தபோது பெயரும் காலாவதித் தேதியும் எங்கேயோ போய்விட்டன. அரசு மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைகள் சில, தனியார் மருத்துவர் எழுதியவை சில, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வாங்கிய மூட்டுவலி மாத்திரை சில. மருந்துச் சீட்டு எங்கே? மகளிடம் இருக்கிறது, மகள் சேலத்தில். அல்லது மகனின் கைப்பேசியில் ஒரு மங்கலான படமாக இருக்கிறது. அவர் பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் அனுப்புவதாகச் சொல்கிறார். மறுநாள் ஞாயிறு. இல்லத்துக்கு வந்துபோகும் மருத்துவர் வருவது புதன்கிழமை. அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு திங்கள் காலைதான் வழக்கம்போல் இயங்கும். சீட்டு இல்லாமல் இம்மருந்துகளை விற்கக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் தராது; தராதது சரியே. ஆக, சனி இரவு, ஞாயிறு முழுவதும், திங்கள் காலை. எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு வேளை. கெட்ட மனம் படைத்தவர் ஒருவர்கூட இந்தக் கதையில் இல்லை என்பதே இதன் கொடுமை.

'ஒரு வேளை தவறினால் என்ன, உயிரா போய்விடும்?' என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்குப் பொறுமையாகவே பதில் சொல்லுவோம். எல்லா மாத்திரையும் ஒன்றன்று. தைராய்டு குறைவுக்கு உண்ணும் தைராக்சின் உடலில் பல நாள் தங்கும். இரண்டு நாள் தவறினால் பெருங்கேடு வராது. கொழுப்புக் குறைப்பு மாத்திரையும் சத்து மாத்திரையும் திங்கட்கிழமைவரை காத்திருக்கும். ஆனால் வலிப்பு நோய்க்கான மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைக்கப்பட்டிருந்த வலிப்பு தொடர் வலிப்பாகத் திரும்பக்கூடும். இன்சுலினை நம்பியே வாழ்பவருக்கு ஓரிரு வேளை தவறினாலே சர்க்கரை கட்டுமீறி ஏறி நினைவு தடுமாறலாம். அட்டினலால், ப்ரொப்ரனலால் போன்ற இதய மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் நெஞ்சுவலியும், சிலருக்கு மாரடைப்பும் வரலாம். இதயக் குழாயில் 'ஸ்டென்ட்' பொருத்திச் சில மாதமே ஆனவருக்குக் குளோப்பிடோக்ரல் இல்லாத நாள்கள் ஆபத்தான நாள்கள். ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு உண்டவரின் உடல், தன் சொந்தச் சுரப்பை மறந்துபோயிருக்கும். மருந்து நின்றால் இரத்த அழுத்தம் வீழ்ந்து அவர் சரியலாம். நடுக்குவாத நோயாளியின் நிலை இன்னும் கொடியது. அவர் உண்ணும் லெவோடோபா சில மணி நேரமே வேலை செய்யும். அது தாமதித்தால் அவரால் கட்டிலில் திரும்பிப் படுக்க முடியாது. கரண்டியைப் பிடிக்க முடியாது. சில வேளைகளில் விழுங்கவே முடியாது. பிறகு மாத்திரை வந்து சேர்ந்தாலும் அதை விழுங்கும் திறன் போயிருக்கும்.

இங்கேதான் நாம் அதிகம் கவலைப்படும் செய்தி இருக்கிறது. மருந்து நின்றதால் வரும் துன்பத்தை, இடம் மாறியதால் வந்த துன்பம் என்று எல்லாரும் எண்ணிக்கொள்கிறார்கள். பல ஆண்டுகளாக இரவில் அல்ப்ரசோலமோ குளோனசெபமோ உண்டு உறங்கிய மூதாட்டிக்கு அது திடீரென்று கிடைக்காமற்போனால் உறக்கம் போகும், கை நடுங்கும், வியர்க்கும், இல்லாத ஒருவரைக் கண்டதுபோல் பேசுவார், நள்ளிரவில் கதவைத் தட்டுவார். பணியாளர் என்ன சொல்வார்? 'புது இடம், வீட்டு நினைப்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும்.' தொலைபேசியில் மகனிடமும் அதையே சொல்வார்கள். மகனும் குற்ற உணர்வில் குமைந்து, 'அம்மா, கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்' என்பார். லெவோடோபா கிடைக்காமல் விறைத்துக் கிடக்கும் முதியவரைப் 'பிடிவாதக்காரர், ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்' என்பார்கள். சர்க்கரை ஏறி மயங்கிக் கிடப்பவரைப் 'பயணக் களைப்பு' என்று போர்த்திவிடுவார்கள். இப்படி, ஒருவருடைய உடல் கேட்கும் மருந்தை அவருடைய மனத்தின் குறையாகப் பதிவு செய்துவிடுகிறோம். புதிதாக வந்தவர் என்பதால் அவருடைய இயல்பு எது, நோய் எது என்று ஒப்பிட்டுச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. ஓராண்டு தங்கியவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் முகம் வாடினால் சமையற்காரருக்கே தெரிந்துவிடும். வந்த மூன்று நாள்தான் அவர் முற்றிலும் அந்நியர். அந்த மூன்று நாளில்தான் மருந்தும் நிற்கிறது.

மருந்து வராமற்போவது ஒரு கேடு. இரட்டிப்பாக வருவது மற்றொன்று. அரசு மருத்துவமனையில் தரும் அம்லோடிபினும், தனியார் மருத்துவர் எழுதிய 'அம்லாங்'கும் ஒரே மருந்து என்று பையைப் பிரித்துப் பார்க்கும் பணியாளருக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் கொடுப்பார். சர்க்கரைக்கான கிளிமிபிரைடு அப்படி இரட்டித்தால், இரவு உணவைச் சரியாக உண்ணாத புதிய முதியவர் விடியுமுன் சர்க்கரை தாழ்ந்து மயக்கத்துக்குப் போய்விடலாம். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை உண்ண வேண்டியது. அதை நாள்தோறும் கொடுத்து உயிரிழந்தோர் பல நாடுகளில் உண்டு. பையில் இருப்பதையெல்லாம் 'காலை, இரவு' என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது, கொடுக்காமல் விடுவதைவிட நல்லதன்று. ஆகவே நாம் வேண்டுவது அவசரம் மட்டுமன்று. அறிந்து செய்யும் அவசரம்.

ஏழை நாட்டில், ஏழை மாவட்டத்தில் இதெல்லாம் நடக்கத்தானே செய்யும் என்று ஆறுதல் கொள்வோருக்கு ஒன்று சொல்லுவோம். செல்வ நாடுகளிலும் இதே வாசலில் இதே மருந்துதான் கைதவறுகிறது. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களை நெறிப்படுத்த 1987இல் கூட்டாட்சிச் சட்டம் இயற்றினார்கள். வழக்கமான மருந்தையும் அவசர மருந்தையும் இல்லமே கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. ஆயினும் மருத்துவமனை மாலையில் அனுப்பிவைக்கும் நோயாளி இல்லத்துக்கு வந்து, செவிலியர் பட்டியலைப் படியெடுத்து, தொலைவிலுள்ள மருந்தகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் இரவு மருந்தும் காலை மருந்தும் தவறிப்போவது அங்கே பழங்கதை. கடும் வலிக்கான மருந்துகளில் இது பெருந்துயரமாகவே வெடித்தது. செவிலியர் தொலைபேசியில் மருத்துவரின் சொல்லைக் கேட்டு மருந்தகத்துக்குச் சொல்வது போதாது, மருத்துவரே கையெழுத்திட்ட சீட்டு வேண்டும் என்று அந்நாட்டுப் போதைமருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டிப்புக் காட்டியதால், இடுப்பெலும்பு அறுவை முடிந்து வந்த முதியோர் வலியோடு காத்துக் கிடந்தார்கள். 2010 மார்ச்சில் அமெரிக்க மேலவையின் முதியோர் நலக் குழு இதற்கென்றே ஒரு விசாரணை நடத்தியது. இங்கிலாந்திலோ நடுக்குவாத நோயாளிகளின் சங்கம், மருந்தை உரிய நேரத்தில் கொடுங்கள் என்ற ஒற்றைக் கோரிக்கையை முன்வைத்து 2006இல் இயக்கம் தொடங்கியது. குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் லெவோடோபா தரப்பட வேண்டும் என்ற தர அளவை அங்கே 2018இல் வந்தது. பராமரிப்பு இல்லங்களுக்கென்று 2014இல் அந்நாடு வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வருபவரின் மருந்துப் பட்டியலை உடனே சரிபார்க்கச் சொல்கிறது. வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை உண்ணும் மருந்தாயின் கடைசி வேளை எந்த நாள் என்பதையும் எழுதச் சொல்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் மருந்தால் வரும் தீங்கைக் குறைக்கும் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது, நோயாளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறும் வேளையை மூன்று முதன்மைக் கவலைகளுள் ஒன்றாக வைத்தது. பணம் இருந்தும் தவறு நடக்கிறது. பணம் இல்லாமலும் தவிர்க்கலாம். பட்டியல் எழுத ஒரு தாளும் பேனாவும் போதுமல்லவா?

வலியைப் பற்றிச் சொன்னோம். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினை நோயாளிக்கு எட்டாக்கனியாக்கியிருந்தது. 2014இல் திருத்தம் வந்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் அதை வைத்துக்கொள்ள வழி எளிதாயிற்று. ஆயினும் பெங்களூர் கித்வாயிலோ சென்னை அடையாற்றிலோ புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று, 'இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்' என்று அனுப்பப்படும் முதியவர் நம் பக்கத்து இல்லம் ஒன்றுக்கு வருகிறார் என்று கொள்வோம். அவர் கையிலுள்ள மார்ஃபின் மாத்திரை தீர்ந்தால், அடுத்ததை எந்தக் கடையிலும் வாங்கிவிட முடியாது. தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். சேர்க்கும் நாளில் இதை எவரும் பேசாவிட்டால், பத்தாம் நாள் அவர் அலறுவதைத்தான் கேட்க வேண்டும். வலியைச் சிலுவையோடு சேர்த்து ஒப்புக்கொடுக்கச் சொல்லும் பக்தி நமக்குப் பழக்கம். பிறருடைய வலியை ஒப்புக்கொடுக்கும் உரிமை நமக்கு யார் தந்தது என்று தெரியவில்லை.

இனி, நம்மவர் சொல்லும் பெரிய சமாதானத்துக்கு வருவோம். 'நாங்கள் தொண்டு செய்கிறோம், மருத்துவமனை நடத்தவில்லை. சோறும் இடமும் அன்பும் தருகிறோம். இதற்குமேல் கேட்டால் கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.' இந்தப் பேச்சைக் கேட்டதும் நம்மில் பலர் வாயடைத்துப் போகிறோம். தொண்டரைக் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நல்ல சமாரியர் உவமையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அந்த மனிதர் அடிபட்டவரை முதலில் சாவடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, மருத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவில்லை. வழியிலேயே காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். பிறகுதான் விலங்கின்மேல் ஏற்றினார். மறுநாள் புறப்படும்போது சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, பார்த்துக்கொள்ளும்படி வாய்விட்டுச் சொல்லி, திரும்பி வரும்போது மிகுதியைத் தருவதாகவும் உறுதி கூறினார். மருந்து, பணம், பொறுப்பு, திரும்பி வருகிற நாள் ஆகிய நான்கும் அங்கே கைமாறின. நாம் கைமாற்றுவது ஒரு நெகிழிப் பை.

1839இல் பிரான்சு நாட்டில் புனித ஜான் ஜூகன் பார்வையற்ற ஒரு மூதாட்டியைத் தூக்கிவந்து தம் சொந்தக் கட்டிலில் கிடத்தினார். அதிலிருந்து ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை பிறந்தது. முதியோர் தொண்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது அந்தக் கட்டில். அந்நாளில் வலிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கிடையாது. கட்டிலும் கஞ்சியும் கனிவுமே மருத்துவம். இன்று நம் முதியோர் பலர் உயிரோடிருப்பதே நாள்தோறும் விழுங்கும் மாத்திரையால்தான். 1839ஆம் ஆண்டின் தொண்டை வைத்துக்கொண்டு இன்றைய முதியவரைக் காக்க இயலாது.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில், கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் நடத்திய இல்லம் பெரும் சர்ச்சைக்குள்ளாகி, அங்கிருந்த நூற்றுக்கணக்கானோரை அரசு அதிகாரிகள் வேறு இடங்களுக்கு மாற்றியது நினைவிருக்கும். அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நாம் புகவில்லை. அன்றைய கூச்சலில் ஒரு தரப்பார் இல்லத்தை நடத்தியவரைப் பழித்தார்கள். மறுதரப்பார் திருச்சபைமீது வேண்டுமென்றே பழி சுமத்துகிறார்கள் என்று குமுறினார்கள். ஆனால் வண்டி வண்டியாய் ஏற்றி அனுப்பப்பட்ட அந்த முதியோர் ஒவ்வொருவரும் போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் ஒரு 'புதிதாக வந்தவர்' என்பதும், அவர் கையில் மருந்துச் சீட்டு இருந்ததா என்பதும் எந்தத் தரப்பின் வாதத்திலும் பெரிதாக ஒலிக்கவில்லை. கத்தோலிக்கரைத் தாக்குகிறார்களா என்று பார்க்கும் கண்ணுக்கு, கட்டிலில் கிடப்பவர் தெரிவதில்லை.

அரசையும் விட்டுவிடுவதற்கில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஓர் இல்லம், அதில் குறைந்தது 150 வறிய முதியோர் தங்க வசதி என்று பேசுகிறது. அவ்வில்லங்களில் மருத்துவத்துக்கான தரத்தை மாநில அரசு வகுக்கலாம் என்றும் சொல்கிறது. 20ஆம் பிரிவு அரசு மருத்துவமனைகளில் மூத்தோருக்கு 'இயன்றவரை' படுக்கையும், தனி வரிசையும் வேண்டும் என்கிறது. 'வகுக்கலாம்', 'இயன்றவரை' ஆகிய சொற்களை எழுதியவர் எவரோ, அவர் வயதாகி ஓர் இல்லத்தில் சேரும் நாளில் அவற்றின் பொருள் விளங்கும். தமிழ்நாட்டரசு நல்லதும் செய்திருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பேருந்தேற முடியாத பாட்டிகளுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் தன்னார்வலப் பெண் வருவது அந்த ஊரின் அந்த வீட்டுக்கு. பாட்டி இல்லத்துக்குப் போய்விட்டால் வீடு பூட்டிக் கிடக்கும். பாட்டியின் பெயரைப் புதிய இடத்தின் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி அங்குள்ள துணை சுகாதார நிலையத்துக்கு யார் போவது? மகன் போகவில்லை, இல்லம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதி மருந்து இலவசமாகவே தொடர்ந்திருக்கும். பணமில்லை என்று சொல்லும் இல்லங்கள் இதை முதலில் செய்யட்டும்.

நாம் கேட்பது மலையைப் புரட்டும் காரியமன்று. தாயை அழைத்துச் செல்லும் பிள்ளை, அதற்கு ஒரு வாரம் முன்பே அவரைப் பாலக்கோடு அரசு மருத்துவமனைக்கோ வழக்கமான மருத்துவரிடமோ அழைத்துச் சென்று, இப்போது உண்ணும் மருந்துகளை மட்டும் ஒரே தாளில், மருந்தின் இயற்பெயரோடு எழுதி வாங்கட்டும். பழைய சீட்டுகளின் மூட்டையைக் கொண்டுபோய்க் கொட்டுவது பட்டியலாகாது. வெட்டாத முழு அட்டைகளாகப் பதினைந்து நாள் மருந்தைக் கையோடு கொண்டுபோகட்டும். இன்சுலினாயின் குளிர்ப்பெட்டியில் வைக்க இல்லத்தில் இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்கட்டும். மாலையில் போய் இறங்காமல் காலையில் போகட்டும். அதற்காக ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும். கல்யாணத்துக்கும் காதணி விழாவுக்கும் போகாத சம்பளமா?

இல்லம் நடத்துவோர் தங்கள் படிவத்தில் அந்த இரண்டு வரியைச் சேர்க்கட்டும். அன்றைய இரவு மருந்து கையில் இல்லையென்றால், கட்டில் காலியாக இருப்பினும் சேர்க்கையை மறுநாளுக்குத் தள்ளிவைக்கட்டும். அது இரக்கமின்மை அன்று. அருகிலுள்ள மருந்துக் கடை ஒன்றோடும், தொலைபேசியில் பேசக்கூடிய மருத்துவர் ஒருவரோடும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளட்டும். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதை அந்த மருத்துவரிடம் கேட்டு, சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டட்டும். வந்த மூன்று நாளும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துவைக்க, மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரேனும் நம் பங்குகளில் கிடைக்காமலா போவார்? 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து பிறந்த நம் தருமபுரி மறைமாவட்டத்தின் பழைய கிறிஸ்தவ ஊர்களிலிருந்து எத்தனை பெண்கள் செவிலியராக ஊர் ஊராய்ப் போனார்கள்! அவர்களுள் பலர் இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைப் பாடற்குழுவுக்கும் பீடம் அலங்கரிக்கவும் மட்டுமே அழைக்கிறோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் நாளை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை நான்காம் ஞாயிறன்று கொண்டாடுகிறோம். திருப்பலி முடிந்ததும் பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், இல்லத்துக்குப் போய்ப் பிரியாணி பரிமாறுகிறோம். சர்க்கரை நோயாளிகளுக்கு இனிப்பும் பரிமாறுகிறோம், அது வேறு கதை. அடுத்த முறை அந்த நாளில் போகிற பங்குப் பேரவையினர், கடந்த மூன்று மாதத்தில் புதிதாகச் சேர்ந்தவர் யார் என்று கேட்டு, அவருடைய மருந்துத் தாளைக் காட்டச் சொல்லிப் பார்க்கட்டும். தாள் இருந்தால் கைகுலுக்கிவிட்டு வரட்டும். இல்லையென்றால், பொன்னாடைக்கு வைத்திருந்த பணத்தில் அன்றே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும்.

ஒரு மறுப்பு மிஞ்சியிருக்கிறது. அது நியாயமான மறுப்பு. பிள்ளையும் இல்லை, பையும் இல்லை, பேருந்து நிலையத்தில் விட்டுச் செல்லப்பட்டு யாரோ கொண்டுவந்து இல்ல வாசலில் நிறுத்தும் முதியவரை என்ன செய்வது? தாள் இல்லை என்று திருப்பி அனுப்புவதா? இல்லை. அவருக்குப் பட்டியல் சொல்ல யாருமில்லை. அவராலும் சொல்ல இயலாது. அவரை நேரே கட்டிலுக்குக் கொண்டுபோகாமல், இரவானாலும் 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரையும் அழுத்தமும் அங்கேயே பார்க்கப்படட்டும். கையிலோ வயிற்றிலோ ஊசி போட்ட தழும்பு உண்டா, மார்பில் அறுவைத் தழும்பு உண்டா என்று மருத்துவர் பார்க்கட்டும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கும் சொல்லிவையுங்கள். மருத்துவமனைச் சீட்டோடு அவர் இல்லத்துக்குத் திரும்பி வரும்போது நள்ளிரவு கடந்திருக்கலாம். கட்டில் அதுவரை காத்திருக்கும்.